எச்.ஐ.வி தடுப்பில் அம்மாவுக்கும் பாட்டிக்கும் என்ன வேலை?

கேள்வி இதுதான்: அமெரிக்கப் பெருநகரங்களில் கறுப்பின, லத்தீன் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு எச்.ஐ.வி தடுப்பு என்றால் பெற்றோரையும் கூட்டிவந்து உட்கார வைக்கிறார்கள். பள்ளியில் பாடம் நடத்தி, ஆணுறை எங்கே கிடைக்கும் என்று சொல்லிவிட்டால் போதாதா? குடும்பத்தைச் சேர்ப்பதால் உண்மையில் பலன் உண்டா? வீட்டிலேயே இதையெல்லாம் பேசினால் நாமே வழிகாட்டியது போல ஆகிவிடாதா?

பலன் உண்டு. ஆனால் அம்மா ஒருநாள் பிள்ளையை உட்கார வைத்து எய்ட்ஸ் பற்றி விளக்குவதால் வருகிற பலன் அல்ல அது. பள்ளி விட்டபின் பிள்ளை எங்கே இருக்கிறது, யாரோடு இருக்கிறது என்று வீட்டுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஏதாவது நடந்துவிட்டால் அடிக்கும் வசவுக்கும் பயப்படாமல் வீட்டில் வந்து சொல்ல முடிய வேண்டும். காப்பாற்றுவது பெரும்பாலும் இவைதான். நோயைப் பற்றிய தகவல் இவற்றுக்கு அடுத்துத்தான் வருகிறது.

ஏன் இந்தச் சமூகங்கள் என்பதை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன், தவறான எண்ணம் இங்கேதான் உள்ளே நுழைகிறது. அமெரிக்க மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் சுமார் 12 சதவீதம். புதிதாக எச்.ஐ.வி கண்டறியப்படுகிறவர்களில் அவர்கள் ஏறக்குறைய 40 சதவீதம். இதைப் பார்த்ததும் 'அவர்கள் நடத்தை அப்படி' என்று முடிவு கட்டுகிறவர்கள் நிறைய. அது தப்பு. 2007ல் வெளியான நாடு தழுவிய ஆய்வு ஒன்று இளைஞர்களின் பாலுறவுப் பழக்கத்தையும் போதைப் பழக்கத்தையும் எச்.ஐ.வி உள்ளிட்ட பால்வினைத் தொற்றுகளோடு சேர்த்துப் பார்த்தது. வெள்ளையின இளைஞர்களில் ஆபத்தான பழக்கம் உள்ளவர்களிடம்தான் தொற்று அதிகம் இருந்தது. கறுப்பின இளைஞர்களிலோ, பழக்கத்தில் எந்த விசேஷ ஆபத்தும் இல்லாதவர்களிடமும் தொற்று அதிகமாக இருந்தது.

காரணம் புரியாத ஒன்றல்ல. பெரும்பாலோர் துணையைத் தங்கள் பகுதிக்குள், தங்கள் இனத்துக்குள் தேடிக்கொள்கிறார்கள். அந்த வட்டத்துக்குள் வைரஸ் ஏற்கெனவே பரவியிருந்தால், ஒரே ஒருவரோடு பழகினாலும் ஆபத்து அதிகம். வீட்டுக்கடன் விதிகளாலும் வாடகை ஒதுக்கல்களாலும் பல பத்தாண்டுகளாகக் கறுப்பினக் குடும்பங்களைக் குறிப்பிட்ட தெருக்களுக்குள் நெருக்கிவைத்த சிகாகோ போன்ற ஊரில் அந்த வட்டம் இன்னும் குறுகலாகிறது. இளம் ஆண்கள் கூட்டங்கூட்டமாகச் சிறைக்குப் போவது, காப்பீடு இல்லாமல் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது, தொற்று இருப்பதே தெரியாமல் ஆண்டுக்கணக்கில் இருப்பது எல்லாம் அதோடு சேர்கின்றன. 14 வயதுப் பிள்ளை எங்கேயும் 14 வயதுப் பிள்ளைதான். புறநகரில் ஒரு பிள்ளை செய்து தப்பித்துக்கொள்கிற அதே தவறுக்கு, இந்தத் தெருக்களில் வளர்கிற பிள்ளை வாழ்நாள் முழுக்க விலை கொடுக்க வேண்டியிருக்கலாம். அதனால்தான் இங்கே தடுப்பை இன்னும் சீக்கிரமாக, இன்னும் ஆழமாக ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

ஆரம்பிப்பது யார்? இங்கே ஒரு பெரிய சுவர் நிற்கிறது. 1932 முதல் 1972 வரை அலபாமாவின் டஸ்கீகியில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை நூற்றுக்கணக்கான ஏழைக் கறுப்பின ஆண்களுக்கு மேகநோய் (சிஃபிலிஸ்) இருப்பது தெரிந்தும், பென்சிலின் வந்த பிறகும், சிகிச்சை தராமல் நோய் எப்படி முற்றுகிறது என்று கவனித்துக்கொண்டிருந்தது. 1997ல்தான் ஜனாதிபதி கிளிண்டன் மன்னிப்புக் கேட்டார். அதை வீட்டில் கேட்டு வளர்ந்த ஒரு பாட்டியிடம், பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறேன், உங்கள் பேரப்பிள்ளைக்கு எச்.ஐ.வி பற்றிச் சொல்லித் தருகிறேன் என்று யாராவது கதவைத் தட்டினால் என்ன ஆகும்? கதவு திறக்காது. திறக்காததில் நியாயமும் இருக்கிறது.

1990களின் நடுவில் சிகாகோவின் தெற்குப் பகுதியில் தொடங்கிய 'சாம்ப்' திட்டம் இந்தச் சுவரை நேராகவே எதிர்கொண்டது. அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தின் நிதியில், உளவியல் ஆய்வாளர் ராபர்ட்டா பைக்காஃப், சமூகப்பணியாளர் மேரி மெக்கே, மனநல மருத்துவர் கார்ல் பெல் ஆகியோர் இதில் முன்னின்றவர்கள். கார்ல் பெல் அதே தெற்குப் பகுதியில் சமூக மனநல மையம் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தவர், 2019ல் காலமானார். அவர்கள் செய்த முக்கியமான காரியம், பாடத்திட்டத்தை எழுதிமுடித்துக் கொண்டுபோய்க் கொடுக்காமல், பெற்றோர், பள்ளி ஊழியர்கள், அக்கம்பக்கத்தவர், ஆய்வாளர்கள் எல்லோரும் உட்கார்ந்த ஒரு கூட்டுக் குழுவை அமைத்து அதன் கையில் முடிவுகளைக் கொடுத்தது. என்ன பேசுவது, எந்த வரிசையில் பேசுவது, யார் நடத்துவது என்பதில் எல்லாம் பெற்றோருக்குச் சொல் இருந்தது. குடும்பங்களைச் சேர்க்கக் கதவு தட்டப் போனவர்கள் அதே தெருக்காரர்கள், அதுவும் சம்பளத்துக்கு. கூட்டங்களை மனநலத் துறையாளர் ஒருவரோடு சேர்ந்து நடத்தியதும் அந்தப் பகுதிப் பெற்றோர்தான்.

திட்டம் யாருக்கு என்பதையும் கவனியுங்கள். நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, அதாவது ஒன்பது, பத்து, பதினோரு வயதினருக்கு. இவ்வளவு சின்னப் பிள்ளைகளுக்கா என்று கேட்கத் தோன்றும். இதற்குப் பின்னால் பைக்காஃபின் ஆய்வு இருக்கிறது. பாலுறவு நடந்ததா இல்லையா என்று மட்டும் கேட்காமல், அதற்கு முந்தைய படியை அவர் பார்த்தார்: ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் பெரியவர் யாரும் இல்லாத தனி இடத்தில் ஒன்றாக இருக்கும் சூழல். அரசுக் குடியிருப்புகளில் வளர்ந்த இந்தச் சின்ன வயதுப் பிள்ளைகளிலேயே கணிசமான பேர் அப்படிப்பட்ட சூழலில் இருந்திருந்தார்கள்.

அந்தச் சூழலைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். பள்ளி மூன்று மணி வாக்கில் விடுகிறது. அம்மா மருத்துவமனையில் துப்புரவு வேலை, வீடு வந்து சேர ஏழாகும். பிள்ளை கழுத்தில் சாவி தொங்குகிறது. கீழே விளையாட விட முடியாது, வெளியே துப்பாக்கிச் சத்தம். ஆகவே அம்மா நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறாள்: 'நேரா வீட்டுக்குப் போ, கதவைப் பூட்டிக்கோ.' பிள்ளையும் கேட்கிறது. அப்புறம் எதிர்வீட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள், அவர்களோடு 15 வயது அண்ணன் ஒருவனும் வருகிறான். தெருவின் ஆபத்திலிருந்து காப்பாற்றப் பூட்டிய கதவே இன்னொரு ஆபத்துக்கு மறைவாகிவிடுகிறது. இதில் ஒழுக்கக்கேடு எங்கே இருக்கிறது? அந்த நான்கு மணி நேரத்துக்கு ஒரு பெரியவர் இல்லை, அவ்வளவுதான். பள்ளியில் எவ்வளவு நன்றாகப் பாடம் நடத்தினாலும் அந்த நான்கு மணி நேரத்தை அது தொடாது. குடும்பம் ஏன் என்ற கேள்விக்கு என்னைக் கேட்டால் முதல் பதில் இதுதான்.

சாம்ப் கூட்டங்கள் மொத்தம் பன்னிரண்டு. பல குடும்பங்கள் சேர்ந்து வரும். முதலில் எல்லோரும் ஒன்றாக, பிறகு பெரியவர்கள் ஓர் அறையில், பிள்ளைகள் ஓர் அறையில், கடைசியில் மறுபடி குடும்பமாகச் சேர்ந்து உட்கார்ந்து ஒரு பயிற்சி. எச்.ஐ.வி என்ற பேச்சு முதல் நாளே வராது. வீட்டில் எப்படிப் பேசிக்கொள்கிறோம், விதிகளை யார் வைக்கிறார்கள், பிள்ளை எங்கே போகிறது என்று எப்படித் தெரிந்துகொள்கிறோம், சிநேகிதர்கள் வற்புறுத்தினால் என்ன செய்வது, நமக்குக் கைகொடுக்க யார் இருக்கிறார்கள் என்பதெல்லாம் முன்னால் வரும். பருவமடைதல், பாலுறவு, எச்.ஐ.வி எல்லாம் அதற்குப் பிறகு. எடுத்த எடுப்பிலேயே எச்.ஐ.வி பற்றிப் பேசியிருந்தால், 'என் பிள்ளைக்கு இந்த வயதிலா' என்று பாதிப் பெற்றோர் இரண்டாம் கூட்டத்துக்கே வந்திருக்க மாட்டார்கள்.

கார்ல் பெல் அடிக்கடி வலியுறுத்தியது, பெரியவர்கள் சேர்ந்து பிள்ளைகளைச் சுற்றி அமைக்கும் பாதுகாப்புக் கவசம். ஒரு தாய் தனியாக அந்தக் கவசமாக இருக்க முடியாது. பன்னிரண்டு வாரம் ஒரே அறையில் உட்கார்ந்த பெற்றோர் ஒருவரையொருவர் அறிந்துகொள்கிறார்கள். அடுத்த தடவை நான்கு மணிக்கு உங்கள் மகன் யாரோடு எந்த மாடிக்கு ஏறினான் என்பதைப் பார்க்கிற இன்னொரு அம்மாவுக்கு, உங்களைக் கூப்பிட்டுச் சொல்லும் உரிமை வந்துவிடுகிறது. எந்தப் பாடப்புத்தகமும் இதைத் தராது. 2004ல் வெளியான முடிவுகளின்படி, கலந்துகொண்ட குடும்பங்களில் வீட்டு முடிவுகளைப் பெற்றோர் கையில் எடுப்பது கூடியது, கண்காணிப்பு கூடியது, கூச்சமான விஷயங்களைப் பேசுவது எளிதானது, பிள்ளைகளின் நடத்தைச் சிக்கல்கள் குறைந்தன, நான் மேலே சொன்ன தனிமைச் சூழல்களும் குறைந்தன. அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் இருபது வயதில் தொற்றில்லாமல் இருந்தார்கள் என்று அந்த ஆய்வு சொல்லாது. இவ்வளவு சின்ன வயதில் தொடங்கும் எல்லாத் திட்டங்களுக்கும் உள்ள வரம்பு அது. திட்டம் பிறகு நியூயார்க்குக்குப் போனது, வீடிழந்து தங்குமிடங்களில் இருக்கும் குடும்பங்களுக்கு ஏற்றபடி மாறியது, தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் கார்ட்டூன் கதையாகவும் மாறியது.

பன்னிரண்டு கூட்டத்துக்கு யாருக்கு நேரம் இருக்கிறது என்று கேட்பீர்கள். பால்டிமோரில் நேர்மாறாக ஒன்று செய்து பார்த்தார்கள். குழந்தைநல மருத்துவர் பானிட்டா ஸ்டான்டன் தலைமையில், ஏழைக் குடியிருப்புப் பகுதிகள் 35ல், 817 கறுப்பினப் பதின்ம வயதுப் பிள்ளைகளோடு நடந்த ஆய்வு அது. எல்லாப் பிள்ளைகளுக்கும் சிநேகிதர் குழுவோடு ஒரு தடுப்புப் பயிற்சி கிடைத்தது. ஒரு பகுதியினருக்கு மட்டும் கூடுதலாக ஒரு தடவை ஆள் வீட்டுக்கே வந்தார். அம்மாவும் பிள்ளையும் ஒரே சோபாவில் உட்கார்ந்து இருபது நிமிடச் சொச்சத்துக்கு ஒரு வீடியோ பார்ப்பார்கள். பிறகு இரண்டு பேரும் ஒரு சூழலை நடித்துப் பார்க்க வேண்டும். கடைசியில் ஆணுறையை எப்படிச் சரியாகப் போடுவது என்று காட்டுவார்கள், அம்மா எதிரிலேயே. அந்த அறையில் எவ்வளவு கூச்சம் இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஆனால் அந்தக் கூச்சத்தை இரண்டு பேரும் சேர்ந்து ஒரு தடவை தாண்டிவிட்டார்கள், இனி அந்தப் பேச்சை எடுக்க ஒரு வழி இருக்கிறது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், அந்த ஒரு சந்திப்பு கிடைத்த பிள்ளைகளிடம் பாலுறவும் குறைவு, ஆணுறை இல்லாத பாலுறவும் குறைவு. சிகரெட்டும் மதுவும்கூடக் குறைவு. ஒரே ஒரு வீட்டுச் சந்திப்பு இவ்வளவு செய்கிறது என்பது எனக்கு இன்றைக்கும் பெரிய விஷயமாகத்தான் படுகிறது.

பேசினால் கெட்டுப்போவார்களா என்ற பயத்துக்கு வருவோம். பெற்றோர் பேசுவதால் பிள்ளைகள் சீக்கிரம் தொடங்குகிறார்கள் என்று இத்தனை ஆண்டு ஆய்வில் தெரியவரவில்லை. தெரியவந்தது வேறு: பெரும்பாலான வீடுகளில் பேச்சு தாமதமாக வருகிறது. 1998ல் நியூயார்க், அலபாமா, புவேர்ட்டோ ரிக்கோ பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வில், முதல் உறவுக்கு முன்பே ஆணுறை பற்றி அம்மா பேசியிருந்தால், அந்த முதல் தடவையிலேயே ஆணுறை போடுவது கூடுதலாக இருந்தது. முதல் தடவை போட்டவர்கள் பின்னாலும் போட்டார்கள். முதல் உறவுக்குப் பிறகு வந்த பேச்சுக்கு அந்த வலு இல்லை. 2010ல் கலிபோர்னியாவில் வந்த இன்னொரு ஆய்வு, ஆணுறை, நோய் அறிகுறி போன்றவற்றை வீட்டில் பேசுவதற்கு முன்பே 40 சதவீதத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் உறவைத் தொடங்கிவிட்டிருந்தார்கள் என்று காட்டியது. 'சமயம் வரட்டும்' என்று காத்திருக்கும் பெற்றோர் கெட்டவர்கள் இல்லை. அந்தச் சமயம் பிள்ளைக்கு எப்போதோ வந்து போய்விட்டது, அவ்வளவுதான்.

லத்தீன் குடும்பங்களில் சிக்கல் கொஞ்சம் வேறு மாதிரி. மயாமியில் ஹில்டா பான்டின், ஹோசே சபோச்னிக், கியர்மோ பிராடோ ஆகியோர் உருவாக்கிய 'ஃபமிலியாஸ் யுனிதாஸ்' திட்டம் இதை மையமாக வைத்தது: பிள்ளை ஓராண்டில் ஆங்கிலமும் ஊர்ப் பழக்கமும் பிடித்துக்கொள்கிறது, பெற்றோர் இன்னும் ஸ்பானிய மொழியிலேயே இருக்கிறார்கள், பள்ளியில் ஆசிரியரிடம் பேசப் பிள்ளையே மொழிபெயர்ப்பாளர். அதிகாரம் தலைகீழாகிவிடுகிறது. எனவே அங்கே கூட்டம் முதன்மையாகப் பெற்றோருக்குத்தான், ஸ்பானிய மொழியில். பெற்றோருக்கு மறுபடி நிமிர்வு வந்தால் மற்றது தானாக வரும் என்பது அவர்கள் நம்பிக்கை, முடிவுகளும் பெருமளவு அதையே காட்டின. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் வின்சென்ட் கிலாமோ ராமோஸ் இன்னும் சுலபமான இடத்தைப் பிடித்தார்: பிள்ளையை டாக்டர் உள்ளே பார்க்கும்போது வெளியே காத்திருக்கும் அம்மாவோடு உட்கார்ந்து பேசுவது. அவள் எப்படியும் அங்கே இருக்கிறாள்.

இனி, இந்தத் திட்டங்கள் பலவும் சரியாகத் தொடாத இடம். அமெரிக்காவில் புதிதாகத் தொற்று கண்டறியப்படுகிறவர்களில் சுமார் ஐந்தில் ஒருவர் 13 முதல் 24 வயதுக்குள். அவர்களில் மிகப் பெரும்பான்மை, ஆண்களோடு உறவு கொள்ளும் இளம் ஆண்கள். அவர்களிலும் பாதிக்கு மேல் கறுப்பினத்தவர். 2016ல் நோய்க் கட்டுப்பாட்டு மையம், அன்றைய வேகம் தொடர்ந்தால் தன்பால் ஈர்ப்புள்ள கறுப்பின ஆண்களில் இரண்டில் ஒருவருக்கு வாழ்நாளில் எச்.ஐ.வி வரும் என்று கணக்குச் சொன்னது. ஆனால் 1990களின் குடும்பத் திட்டங்கள் பெரும்பாலும் ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்ற சித்திரத்தை வைத்தே எழுதப்பட்டவை. மிகவும் ஆபத்தில் இருக்கும் மகன் அந்த அறையில் தன்னைப் பற்றிய ஒரு வாக்கியம்கூடக் கேட்காமல் உட்கார்ந்திருப்பான்.

அவனுக்குக் குடும்பம் காப்பாகலாம், காயமாகவும் ஆகலாம். சான்பிரான்சிஸ்கோவில் கேட்லின் ரயன் குழுவினர் 2009ல் வெளியிட்ட ஆய்வில், பதின்ம வயதில் வீட்டில் கடுமையாக ஒதுக்கப்பட்டவர்கள், அவ்வளவாக ஒதுக்கப்படாதவர்களைவிட 8.4 மடங்கு அதிகமாகத் தற்கொலைக்கு முயன்றிருந்தார்கள், 3.4 மடங்கு அதிகமாகப் பாதுகாப்பில்லாத உறவில் ஈடுபட்டிருந்தார்கள். அந்த ஆய்வில் இருந்தவர்கள் வெள்ளையினத்தவரும் லத்தீன் இனத்தவரும். கறுப்பினக் குடும்பங்களில் தேவாலயத்தின் சொல்லும் சேர்ந்துகொள்வதால் அம்மாவின் நிலை இன்னும் கடினம். ஞாயிறு காலை அவளுக்கு ஆதரவு தரும் அதே இடம்தான் அவள் மகனைப் பாவி என்கிறது. அவளைக் குற்றவாளியாக்கிப் பேசும் திட்டம் எதுவும் அங்கே எடுபடாது. உங்கள் நம்பிக்கையை விட்டுவிடச் சொல்லவில்லை, மகனை வீட்டைவிட்டுத் துரத்தாதீர்கள், சாப்பாட்டு மேசையில் அவன் நாற்காலி இருக்கட்டும் என்பதிலிருந்து ஆரம்பித்தால்தான் அவள் காது கொடுப்பாள்.

இன்றைக்கு இது இன்னும் அவசரம், ஏனென்றால் கையில் மருந்து இருக்கிறது. தொற்றைத் தடுக்க நாள்தோறும் போடும் பிரெப் மாத்திரைக்குப் பெரியவர்களுக்கு 2012லும், 35 கிலோவும் அதற்கு மேலும் எடையுள்ள வளரிளம் பருவத்தினருக்கு 2018லும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஒழுங்காக எடுத்தால் பாலுறவு வழித் தொற்றை ஏறக்குறைய முழுமையாகத் தடுக்கும். ஆனால் 15 முதல் 17 வயது ஆண் பிள்ளைகளோடு ஆறு நகரங்களில் நடந்த ஆய்வில், மாதாமாதம் கிளினிக்குக்கு வந்தவரை ஒழுங்காக எடுத்தவர்களில் பலர், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்றதும் தளர்ந்துவிட்டார்கள். பல் துலக்கினாயா என்று கேட்பது போல மாத்திரை போட்டாயா என்று கேட்க வீட்டில் ஒருவர் இருந்தால் என்ன ஆகியிருக்கும்? பல பிள்ளைகள் மாத்திரையையே வாங்குவதில்லை, ஏனென்றால் பெற்றோரின் காப்பீட்டில் வாங்கினால் செலவுக் கணக்குத் தாள் வீட்டு முகவரிக்கு வரும், அம்மா பிரித்துப் படிப்பாள். சொல்ல முடியாத வீட்டில் அந்தத் தபால் உறையே ஒரு மிரட்டல்.

நீங்கள் இப்படி ஒன்றைத் தொடங்கும் எண்ணத்தில் கேட்டிருந்தால், சில விஷயங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள். பெற்றோர் என்று அழைப்பிதழில் போடாதீர்கள், பல வீடுகளில் பிள்ளையை வளர்ப்பது பாட்டி, அத்தை, வளர்ப்புக் குடும்பம். வளர்ப்பவர் யாரோ அவர் வரட்டும். மாலைக் கூட்டம் என்றால் சாப்பாடு இருக்க வேண்டும், கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்க வேண்டும், பேருந்துக் காசு இருக்க வேண்டும். நிதி கேட்கும்போது முதலில் வெட்டப்படுவது இவைதான், இவற்றை வெட்டினால் மிகவும் தேவையுள்ள குடும்பம்தான் முதலில் வராமல் நின்றுவிடும். நடத்துபவர்களில் பாதிப் பேராவது அந்தத் தெருக்காரர்களாக இருக்கட்டும், அவர்களுக்குச் சம்பளம் கொடுங்கள். ஆய்வு நிதி ஐந்தாண்டில் முடிந்துபோகும், அப்போது யார் கையில் ஒப்படைப்பது என்பதை முதல் ஆண்டிலேயே ஓர் உள்ளூர் அமைப்போடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். நடித்துப் பார்க்கும் சூழல்களில் ஒன்றிலாவது, 'எனக்குப் பையன்களைத்தான் பிடிக்கும்' என்று ஒரு மகன் சொல்லட்டும். பள்ளிகளோடு பேசும்போது பத்தாம் வகுப்பைக் கேட்காதீர்கள், ஐந்தாம் வகுப்பைக் கேளுங்கள்.